வயது வந்தபின் கத்தோலிக்கத் திருச்சபையில் சேர: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வளர்ந்த பிறகு கத்தோலிக்க நம்பிக்கையைத் தழுவ நினைப்பவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகள் இவை. சொற்களைப் பற்றி முதலில் ஒரு குறிப்பு. பழைய தலைமுறையும் பிற சபையினரும் ஞானஸ்நானம் என்பதைத்தான் இங்கே திருமுழுக்கு என்கிறோம். குருவிடம் பாவங்களை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனத்தை ஒப்புரவு என்கிறோம். திருமுழுக்குக்கு ஆயத்தமாகிறவர்கள் புகுமுகநிலையினர்.

முதலில் யாரிடம் போவது?

வீட்டுக்கு அருகிலுள்ள பங்கின், அதாவது உங்கள் பகுதிக்குரிய கோவிலின், பங்குத்தந்தையிடம். ஞாயிறு திருப்பலி (பூசை) முடிந்து எல்லாரும் கலைகிற நேரத்தில் கோவில் வாசலில் நின்று பேசினால் அறிமுகம் மட்டுமே நடக்கும். "எனக்குத் தனியாக அரைமணி நேரம் வேண்டும்" என்று கேட்டு நாள் குறித்துக்கொள்ளுங்கள்.

அந்தச் சந்திப்பில் இரண்டு விஷயங்களை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். ஒன்று, குழந்தைப் பருவத்திலோ வேறு சபையிலோ உங்களுக்கு எப்போதாவது திருமுழுக்கு நடந்திருக்கிறதா என்பது. இன்னொன்று, உங்கள் திருமண வரலாறு. உங்களுடையது மட்டுமல்ல, துணைவருடையதும். இந்த இரண்டுக்குமான பதிலைப் பொறுத்தே உங்கள் பாதை அமையும். இவற்றை யாரும் கேட்கவில்லை என்றாலும் நீங்களே எடுத்துச் சொல்லுங்கள். பாஸ்காவுக்கு (ஈஸ்டருக்கு) மூன்று வாரம் இருக்கும்போது இவை தெரியவந்து எல்லாம் தள்ளிப்போவதுதான் இந்தப் பயணத்தில் மிக அதிகமாக நேரும் மனவருத்தம்.

பேசிவிட்டால் சேர்ந்தே ஆகவேண்டும் என்பது இல்லை. மனச்சான்றுக்கு எதிராக யாரையும் நம்பிக்கையைத் தழுவக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று திருச்சபைச் சட்டமே சொல்கிறது (சட்டம் 748). எந்தக் கட்டத்திலும் நின்றுகொள்ளலாம், பிறகு திரும்பியும் வரலாம்.

எவ்வளவு காலம் ஆகும்?

எல்லாருக்கும் பொதுவான கணக்கு கிடையாது. திருமுழுக்கே பெறாதவருக்கு ஓராண்டாவது வேண்டும் என்பது பல இடங்களில் உள்ள நடைமுறை. சிலருக்கு இரண்டு, மூன்று ஆண்டுகளும் ஆகும். காரணம் எளிமையானது. திருவருகைக்காலம், கிறிஸ்து பிறப்பு, தவக்காலம் (பாஸ்காவுக்கு முந்தைய நோன்புக்காலம்), பாஸ்கா, பொதுக்காலம் என்று வழிபாட்டு ஆண்டு ஒன்று முழுதாகச் சுற்றி வரும்போதுதான் திருச்சபை எதை எப்போது கொண்டாடுகிறது, எதற்காக நோன்பு இருக்கிறது என்பது உடம்பில் பதியும். பன்னிரண்டு வகுப்புகளில் பாடத்தை முடித்துவிடலாம். ஞாயிறுதோறும் இறைமக்களோடு சேர்ந்து நிற்கும் பழக்கம் அதற்குள் வந்துவிடாது.

என்னென்ன படிகள் உண்டு?

தொடக்க நூற்றாண்டுகளில் இருந்த நீண்ட ஆயத்தமுறை, குழந்தைத் திருமுழுக்கு பரவலான பிறகு சுருங்கிப்போயிற்று. அதை மீட்டெடுக்க வேண்டும் என்று, உலக ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-இல் கேட்டது. புதுப்பிக்கப்பட்ட சடங்குமுறை 1972 ஜனவரி 6 அன்று வெளிவந்தது. பல நாடுகளில் ஆங்கிலச் சுருக்கமாக ஆர்.சி.ஐ.ஏ. என்று சொல்வது இதைத்தான். இதில் நான்கு காலங்கள், அவற்றை இணைக்கும் மூன்று வாசற்படிகள்.

முதலாவது தேடல் காலம். கேள்வி கேட்கலாம், சந்தேகப்படலாம், நற்செய்தியைப் படிக்கலாம். எந்த வாக்குறுதியும் இல்லை.

ஓரளவு உறுதி பிறந்ததும் முதல் வாசற்படியாக ஏற்புச் சடங்கு. இது கோவிலின் கதவருகே தொடங்கும். "இறைவனின் திருச்சபையிடம் என்ன கேட்கிறீர்கள்?" என்று குருவானவர் கேட்க, "நம்பிக்கை" என்று பதில் சொல்வீர்கள். "நம்பிக்கை உங்களுக்கு என்ன தரும்?" "நிலைவாழ்வு." பிறகு உங்கள் நெற்றியில் சிலுவை அடையாளம் வரையப்படும். காது, கண், உதடு, மார்பு, தோள் ஆகியவற்றிலும் வரைவது உண்டு. அன்றிலிருந்து நீங்கள் புகுமுகநிலையினர், அதற்கான பதிவேட்டில் உங்கள் பெயர் ஏறும். அந்தப் பெயர் வெறும் வருகைப்பதிவு அல்ல. திருமுழுக்குக்கு முன்பே நீங்கள் இறந்துவிட்டால்கூட கத்தோலிக்கருக்குரிய அடக்கச் சடங்கு உங்களுக்கு உண்டு (சட்டம் 1183).

இரண்டாவது புகுமுகக் காலம். இதுதான் நீளமானது: மறைக்கல்வி, இறைவார்த்தை வழிபாடு, செபம், பிறர்பணி. ஞாயிறு திருப்பலியில் மறையுரை முடிந்ததும் புகுமுகநிலையினரை அன்போடு வெளியே அனுப்பிவைப்பார்கள். அவர்கள் வேதியரோடு (மறைக்கல்வி கற்பிப்பவரோடு) வேறோர் இடத்தில் அமர்ந்து அன்றைய வாசகங்களைத் தியானிப்பார்கள். முதலில் இது சிலருக்கு உறுத்தும். யாரும் உங்களை விலக்கிவைக்கவில்லை. பந்தியில் உட்காரும் நாளுக்கான பசியை வளர்க்கும் பழைய வழக்கம் அது.

இரண்டாம் வாசற்படி, தவக்காலத்தின் முதல் ஞாயிறு நடக்கும் தேர்ந்தெடுப்புச் சடங்கு. வழக்கமாக ஆயர் (பிஷப்) தலைமை தாங்குவார். உங்கள் ஞானப்பெற்றோர் உங்களுக்காகச் சாட்சி சொல்ல, பெயர் ஏட்டில் எழுதப்படும். புனித அகுஸ்தினாரும் இப்படித்தான் தவக்காலத்துக்கு முன்னே மிலான் நகருக்குத் திரும்பி வந்து பெயர் கொடுத்து, 387-ஆம் ஆண்டு பாஸ்கா இரவில் ஆயர் அம்புரோஸ் கையால் திருமுழுக்குப் பெற்றார். கூடவே மகன் அதேயோதாத்தும் நண்பர் அலீப்பியும் பெற்றார்கள்.

மூன்றாவது, தவக்காலம் முழுவதுமான தூய்மையாக்கும் காலம். மூன்றாம் வாசற்படி, பாஸ்கா திருவிழிப்பு. நான்காவது, அதன்பின் பெந்தகோஸ்து வரையிலான ஐம்பது நாள் மறைபொருள் விளக்கக் காலம்.

தவக்கால "ஆய்வுச் சடங்கு" என்றால் தேர்வா?

இல்லை. பெயரைக் கேட்டுப் பயப்படுகிறவர்கள் பலர். தவக்காலத்தின் 3, 4, 5-ஆம் ஞாயிறுகளில் நீங்கள் தலைகுனிந்தோ முழந்தாளிட்டோ நிற்க, சபை முழுவதும் உங்களுக்காக மன்றாடும். தீமையின் பிடியிலிருந்து விடுவிக்கும்படி குருவானவர் செபிப்பார். கேள்வியும் இல்லை, மதிப்பெண்ணும் இல்லை.

அந்த மூன்று ஞாயிறுகளுக்கும் யோவான் நற்செய்தியில் தனி வாசகங்கள் உண்டு: கிணற்றடியில் சமாரியப் பெண் (அதிகாரம் 4), பிறவியிலேயே பார்வையற்றவர் (9), இலாசர் (11). தாகம், ஒளி, உயிர் என்று வரிசையாக வருவதைக் கவனியுங்கள். ஞாயிறுக்கு முந்தின நாள்களில் அந்த அதிகாரத்தை வீட்டில் மூன்று முறையாவது மெதுவாக வாசித்து, உங்கள் வாழ்க்கையில் தாகம் எது, குருட்டுத்தனம் எது, கல்லறை எது என்று எழுதிப் பாருங்கள். ஆய்வு உண்மையில் நடப்பது அங்கேதான்.

நம்பிக்கை அறிக்கையையும் "விண்ணுலகில் இருக்கிற எங்கள் தந்தையே" செபத்தையும் முறைப்படி ஒப்படைப்பதும் இந்தக் காலத்தில்தான். தகுந்த காரணம் இருந்தால் ஓர் ஆய்வுச் சடங்கிலிருந்து ஆயர் விலக்களிக்கலாம். மிக அரிதாக இரண்டிலிருந்தும்.

வேறு சபையில் எனக்கு ஏற்கெனவே ஞானஸ்நானம் ஆகிவிட்டது. மறுபடியும் எடுக்க வேண்டுமா?

செல்லத்தக்க திருமுழுக்கு என்றால் மறுபடியும் கிடையாது, கேட்டாலும் கொடுக்கக் கூடாது. "நானே விரும்பி எடுத்தால்தான் நிறைவு" என்று வேண்டுகிறவர்கள் உண்டு. அவர்களது ஏக்கம் புரிகிறது. ஆனால் இறைவன் ஒருமுறை செய்ததைச் செய்யாததுபோல் நடந்துகொள்ள முடியாது.

தண்ணீரும் சரியான வார்த்தைகளும் இருந்தனவா என்பதே கேள்வி. தண்ணீரில் முழுக்கியோ தலையில் ஊற்றியோ, "தந்தை, மகன், தூய ஆவியாரின் பெயரால்" கொடுக்கப்பட்டிருந்தால் ஏற்கப்படும். ஆர்த்தடாக்ஸ், ஆங்கிலிக்கன், லூத்தரன், மெத்தடிஸ்ட் திருமுழுக்கு பொதுவாக ஏற்கப்படுவது இதனால்தான். "இயேசுவின் பெயரால்" என்று மட்டும் சொல்லிக் கொடுத்தது ஏற்கப்படாது. மோர்மன் சபையின் திருமுழுக்கு செல்லாது என்று 2001-இல் வத்திக்கான் அறிவித்தது. "நான் திருமுழுக்கு அளிக்கிறேன்" என்பதற்குப் பதில் "நாங்கள் அளிக்கிறோம்" என்று சொல்லியிருந்தால் அதுவும் செல்லாது என்று 2020-இல் தெளிவுபடுத்தியது.

சான்றிதழ் கொண்டுவாருங்கள். தொலைந்துபோயிருந்தால், நேரில் பார்த்தவர் ஒருவரின் எழுத்துமூலச் சாட்சியம் உதவும். பெற்றோர், உறவினர், கொடுத்த போதகர் யாராக இருந்தாலும் சரி. பழைய புகைப்படம் இருந்தால் அதையும் சேர்த்துக் கொடுங்கள். எவ்வளவு விசாரித்தும் ஐயம் தீரவில்லை என்றால் மட்டுமே "நீ திருமுழுக்குப் பெறவில்லை என்றால்..." என்ற நிபந்தனையோடு, ஆரவாரமின்றி, அது கொடுக்கப்படும்.

இப்படி வருகிறவர்கள் புகுமுகநிலையினர் அல்ல. தேர்ந்தெடுப்புச் சடங்கும் ஆய்வுச் சடங்கும் அவர்களுக்கு உரியவை அல்ல. எல்லாரையும் ஒரே வரிசையில் நிறுத்துவது வசதியாக இருக்கலாம், ஆனால் அவர்கள் பெற்ற திருமுழுக்கை மதிப்பதாகாது. ஏற்கெனவே கிறிஸ்தவ வாழ்வில் ஊன்றியவருக்குச் சில மாத ஆயத்தமே போதும். பிறகு ஒப்புரவு அருளடையாளம் (இறையருள் தரும் ஏழு புனிதச் சடங்குகளில் ஒன்று). அதன்பின் திருப்பலியில், "புனித கத்தோலிக்கத் திருச்சபை இறைவன் வெளிப்படுத்தியதாக நம்பி, போதித்து, அறிவிக்கும் அனைத்தையும் நான் நம்புகிறேன், ஏற்றுக்கொள்கிறேன்" என்ற அறிக்கை, உறுதிப்பூசுதல் (தைலம் பூசி நம்பிக்கையில் உறுதிப்படுத்தும் அருளடையாளம்), நற்கருணை (கிறிஸ்துவின் உடலும் இரத்தமுமாகப் பெறும் அப்பமும் இரசமும்). இதற்குப் பாஸ்கா வரை காத்திருக்கவேண்டிய அவசியம் இல்லை. ஆர்த்தடாக்ஸ் திருச்சபையிலிருந்து வருகிறவர் ஏற்கெனவே உறுதிப்பூசுதல் பெற்றிருப்பதால் அது அவருக்குத் திரும்பக் கொடுக்கப்படாது.

குழந்தையில் கத்தோலிக்கத் திருமுழுக்குப் பெற்று, பிறகு எதுவுமே கற்காமல் வளர்ந்தவர் நிலை வேறு. அவர் ஏற்கெனவே கத்தோலிக்கர். மறைக்கல்வி, ஒப்புரவு, உறுதிப்பூசுதல், நற்கருணை போதும். இங்கே பங்குத்தந்தை கவனிக்கவேண்டிய நுணுக்கம் ஒன்று உண்டு. வளர்ந்தவருக்குத் திருமுழுக்கு கொடுக்கும்போதோ பிற சபையினரை ஏற்கும்போதோ உறுதிப்பூசுதல் அளிக்க அவருக்குச் சட்டமே அதிகாரம் தருகிறது (சட்டம் 883). ஏற்கெனவே கத்தோலிக்கரான இவருக்கு அளிக்க, ஆயரிடம் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும்.

திருமணத்தைப் பற்றி ஏன் இவ்வளவு கேட்கிறீர்கள்?

இருவருக்கும் இதுவே முதல் திருமணம், இருவருமே கத்தோலிக்கர் அல்லர் என்றால் பெரும்பாலும் செய்யவேண்டியது எதுவுமில்லை. உங்கள் திருமணத்தைத் திருச்சபை மதிக்கிறது. இருவரும் திருமுழுக்குப் பெற்றதும் அதே திருமணம் அருளடையாளம் ஆகிவிடும், மறுபடி கல்யாணம் தேவையில்லை.

உங்கள் துணைவர் கத்தோலிக்கர், ஆனால் திருச்சபையின் அனுமதியின்றிப் பதிவுத் திருமணமோ வேறு முறையில் திருமணமோ செய்துகொண்டவர் என்றால், அதைச் சரிப்படுத்த வேண்டும். வழக்கமாக, குருவானவர், இரண்டு சாட்சிகள் முன்னிலையில் சம்மதத்தைப் புதுப்பிக்கும் எளிய சடங்கு போதும்.

சிக்கல் வருவது மறுமணத்தில். முந்தின துணைவர் உயிரோடு இருந்தால், அரசு நீதிமன்றத்தின் மணமுறிவுத் தீர்ப்பு மட்டும் போதாது. கத்தோலிக்கர் அல்லாதவர்களின் திருமணத்தையும் திருச்சபை செல்லத்தக்கதாகவே கருதித் தொடங்குகிறது. எனவே மறைமாவட்டத் திருமணத் தீர்ப்பாயம் அதை ஆராய வேண்டும். தொடக்கத்திலேயே அது செல்லாத் திருமணமாக இருந்தது என்று தீர்ப்பாகலாம். இருவருமே திருமுழுக்குப் பெறாதவர்களாக மணந்து, ஒருவர் இப்போது திருமுழுக்குப் பெற, மற்றவர் சேர்ந்து வாழ மறுத்து விலகியிருந்தால், புனித பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தின் 7-ஆம் அதிகாரத்தை ஒட்டிய சலுகையும் உண்டு. அதற்கும் முந்தின துணைவரிடம் முறைப்படி கேட்டு அவர் பதிலைப் பதிவுசெய்ய வேண்டும்.

இவற்றுக்குத் திருமணச் சான்று, மணமுறிவுத் தீர்ப்பின் நகல், இருவரின் திருமுழுக்கு நிலை, சாட்சிகளின் பெயர் எல்லாம் தேவை. மாதக்கணக்கில் ஆகும், சில வேளை ஓராண்டைத் தாண்டும். அதுவரை புகுமுகநிலையில் தொடர்ந்து கற்கலாம், செபிக்கலாம். தீர்ப்பு வருமுன் திருமுழுக்குத் தேதியைக் குறித்து உறவினரை அழைத்துவிடாதீர்கள். மணமுறிவு ஆகி மறுமணம் செய்யாமல் இருக்கிறவருக்கு அந்த மணமுறிவு தடையே அல்ல. இது தெரியாமல் பலர் ஆண்டுக்கணக்கில் வாசலுக்கு வெளியிலேயே நின்றுவிடுகிறார்கள்.

கத்தோலிக்கரை மணக்கப் போகிறேன். நானும் சேர்ந்தாக வேண்டுமா?

வேண்டாம். திருமுழுக்குப் பெறாதவரைக் கத்தோலிக்கர் கோவிலில் மணக்க ஆயர் விலக்கு அளிக்க முடியும் (சட்டம் 1086). பிற சபைக் கிறிஸ்தவர் என்றால் அனுமதி போதும். கத்தோலிக்கர் தம் நம்பிக்கையைக் காப்பதாகவும், பிள்ளைகளைக் கத்தோலிக்கராக வளர்க்கத் தம்மால் இயன்றதைச் செய்வதாகவும் வாக்களிப்பார். அந்த வாக்கைப் பற்றி உங்களுக்கும் தெரிவிப்பார்கள். மண்டபத் தேதிக்காக மூன்று மாதத்தில் திருமுழுக்கு என்று எந்தக் குடும்பமும் வற்புறுத்த வேண்டியதில்லை. அன்பினால் இங்கே வந்து, தேடல் பிறகு தொடங்கினால் நல்லதே. திருமணத்தை முதலில் நடத்திவிட்டு அந்தத் தேடலுக்கு உரிய காலம் கொடுங்கள்.

என்ன படிக்க வேண்டும்?

திருத்தூதர்களின் நம்பிக்கை அறிக்கை, ஏழு அருளடையாளங்கள், பத்துக் கட்டளைகள், இயேசு கற்பித்த செபம். 1992-இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் இந்த நான்கு தூண்கள் மேல்தான் எழுப்பப்பட்டிருக்கிறது. 2865 பத்திகள் கொண்ட அதை முதலிலேயே கையில் எடுத்து மலைத்துவிடாதீர்கள். மாற்கு நற்செய்தியிலிருந்து தொடங்குங்கள். பதினாறே அதிகாரங்கள், நாளுக்கு ஒன்று போதும்.

மனப்பாடமாக வேண்டியவை குறைவு: சிலுவை அடையாளம், இயேசு கற்பித்த செபம், மரியாவை நோக்கிய மங்கள வார்த்தை செபம், நம்பிக்கை அறிக்கை, பாவங்களுக்காக வருந்தும் மனத்துயர் செபம். ஏற்றுக்கொள்ள முடியாத போதனை ஏதாவது இருந்தால் வாய்மூடி இருந்துவிடாதீர்கள், தேர்ந்தெடுப்புச் சடங்குக்கு முன்பே வேதியரிடம் சொல்லுங்கள். உள்ளே வைத்துப் பூட்டிய கேள்விதான் பின்னாளில் ஆளைக் கோவிலிலிருந்து வெளியே இழுக்கிறது.

ஞானத்தாய், ஞானத்தந்தையாக யார் இருக்கலாம்?

ஒருவர் போதும். இருவர் என்றால் ஓர் ஆண், ஒரு பெண். பொதுவாக 16 வயது நிறைந்தவர், உறுதிப்பூசுதலும் நற்கருணையும் பெற்ற கத்தோலிக்கர், நம்பிக்கைக்கேற்ப வாழ்கிறவர். உங்கள் தாயோ தந்தையோ இருக்க முடியாது (சட்டம் 874). கணவன் மனைவிக்குச் சட்டத்தில் தடை இல்லை என்றாலும் நாங்கள் பரிந்துரைப்பதில்லை. உங்கள் தயக்கங்களைக் குடும்பத்துக்கு வெளியே ஒருவரிடம் சொல்ல முடிவது நல்லது. பிற சபை நண்பர், கத்தோலிக்க ஞானப்பெற்றோர் ஒருவரோடு சேர்ந்து சாட்சியாக நிற்கலாம்.

தூரத்து ஊரிலிருந்து அன்று மட்டும் வந்து போகிற செல்வாக்கான உறவினரைவிட, ஞாயிறுதோறும் உங்கள் பக்கத்தில் நிற்கும் சாதாரண மனிதர் எவ்வளவோ மேல்.

அதுவரை நற்கருணை வாங்கலாமா? ஒப்புரவு செய்யலாமா?

இரண்டும் இல்லை. எல்லாரும் எழுந்து போகும்போது இருக்கையிலேயே இருந்து செபியுங்கள். திருமுழுக்குப் பெறாதவர் ஒப்புரவும் செய்வதில்லை. திருமுழுக்கே எல்லாப் பாவங்களையும் கழுவுகிறது. ஆனால் மனம் வருந்துதல் கட்டாயம். யாரையாவது ஏமாற்றியிருந்தால், கடன் திருப்பாமல் இருந்தால், பகை இருந்தால் தவக்காலத்திலேயே சரிசெய்யத் தொடங்குங்கள்.

பாஸ்கா இரவில் என்ன நடக்கும்? எப்படித் தயாராவது?

புனித சனிக்கிழமையன்று வேலைக்கு விடுப்பு எடுங்கள். இயன்றவரை நோன்பும் அமைதியும். காதையும் வாயையும் தொட்டு "எப்பத்தா", அதாவது "திறக்கப்படு", என்று சொல்லும் சடங்கு பகலில் நடக்கலாம்.

இருட்டிய பிறகு புதுநெருப்பு, பாஸ்கா மெழுகுதிரி, பாஸ்கா புகழுரை. முழுமையாக நடந்தால் ஒன்பது வாசகங்கள். மூன்று மணி நேரம்வரை போகலாம். மறையுரைக்குப் பிறகு புனிதர் மன்றாட்டு மாலை, தண்ணீர் மந்திரிப்பு, அலகையை (சாத்தானை) விட்டுவிடுதல், நம்பிக்கை அறிக்கை, பிறகு திருமுழுக்கு. மூன்று முறை முழுக்குவார்கள் அல்லது தலையில் ஊற்றுவார்கள். தண்ணீர் தோலில் பட்டு ஓட வேண்டும். எனவே தலையில் பூ, கெட்டியான கொண்டை, முக்காடு வேண்டாம். முழுக்குவதாக இருந்தால் நனைந்தாலும் உடல் தெரியாத அடர்நிறத் துணி, மாற்றுடை, துண்டு, மாற்றுவதற்கு இடம் எல்லாவற்றையும் ஒத்திகையிலேயே பார்த்துவையுங்கள். காகிதத்தில் எழுதிய குறிப்பைக் கையில் வைத்துக்கொள்ள வேண்டாம், நனைந்துவிடும். "விட்டுவிடுகிறேன்", "நம்புகிறேன்" என்ற இரண்டு பதில்கள் தெரிந்தால் போதும்.

பிறகு வெள்ளை ஆடை. பாஸ்கா திரியிலிருந்து ஞானப்பெற்றோர் ஏற்றித் தரும் மெழுகுதிரி. நெற்றியில் கிறிஸ்மா என்னும் புனித நறுமணத் தைலத்தால் உறுதிப்பூசுதல். அதே திருப்பலியில் முதல் நற்கருணை. மூன்றும் ஒரே இரவில் சேர்ந்தே வருகின்றன. தனித்தனியாகத் தள்ளிப்போடுவது பெரிய காரணம் இருந்தால் மட்டுமே (சட்டம் 866). கோதுமை ஒவ்வாமை இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள். இரசம் மட்டும் பெற்றாலும் அது முழுமையான நற்கருணையே.

பெயரை மாற்ற வேண்டுமா?

கட்டாயம் இல்லை. கிறிஸ்தவ உணர்வுக்கு முரணாக இல்லாத எந்தப் பெயரும் ஆகும். விரும்பினால் ஒரு புனிதரின் பெயரைச் சேர்த்துக்கொள்ளலாம். அரசு ஆவணங்களை மாற்றவேண்டிய தேவையும் இல்லை. பதிவேட்டில் உங்கள் ஆவணப் பெயரே தெளிவாக இருக்கட்டும்.

பிள்ளைகளும் என்னோடு சேரலாமா?

ஏழு வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் குழந்தைத் திருமுழுக்கு. ஏழு நிறைந்து விவரம் தெரிந்தவர்கள் சட்டப்படி வளர்ந்தவர்களின் முறையில் வருவார்கள், அவர்கள் வயதுக்கேற்ற மறைக்கல்வியோடு. அவர்களுக்கும் மூன்று அருளடையாளங்களும் சேர்ந்தே. பதினான்கு வயதுக்கு மேற்பட்ட எவருடைய திருமுழுக்கும் ஆயருக்குத் தெரிவிக்கப்படும்.

கட்டணம் உண்டா?

அருளடையாளத்துக்கு விலை கிடையாது. காணிக்கை விருப்பம்போல. இல்லாதவருக்கு எதுவும் மறுக்கப்படக் கூடாது என்று சட்டம் 848 சொல்கிறது.

கடுமையான நோயில் இருக்கிறவர் என்ன செய்வது?

காத்திருக்க வேண்டாம், உடனே குருவானவரை அழையுங்கள். இறப்பு ஆபத்தில் முக்கிய உண்மைகளைப் பற்றிச் சிறிதளவு அறிவு, எந்த வகையிலாவது வெளிப்படுத்திய விருப்பம், கட்டளைகளின்படி வாழ்வேன் என்ற வாக்குறுதி இவையே போதும். குருவானவர் வந்துசேர முடியாது என்றால், திருச்சபை நினைப்பதைச் செய்யும் எண்ணத்தோடு எவரும் கொடுக்கலாம். தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே, பெயர் சொல்லி, "தந்தை, மகன், தூய ஆவியாரின் பெயரால் நான் உனக்குத் திருமுழுக்கு அளிக்கிறேன்" என்று சொல்ல வேண்டும். ஊற்றுவதும் சொல்வதும் ஒருவரே, ஒரே நேரத்தில். பிறகு பங்கில் தெரிவித்துப் பதியச் செய்யுங்கள்.

வீட்டில் எதிர்ப்பு இருக்கிறது.

வேதியரிடம் சொல்லுங்கள், மறைக்காதீர்கள். பெற்றோரை மதிப்பது நான்காம் கட்டளை. திருமுழுக்குப் பெறுவதற்காக அவர்களை வெறுக்கச் சொல்லும் போதனை இங்கே இல்லை. வாக்குவாதத்தைவிட, நீங்கள் முன்னைவிடப் பொறுமையான பிள்ளையாக, பொறுப்பான துணைவராக மாறியிருப்பது அதிகம் பேசும். நீங்கள் வாழும் நாட்டில் மதமாற்றம் தொடர்பான அறிவிப்பு விதிகள் இருந்தால், தேதி குறிக்கும் முன்பே அவற்றை நிறைவேற்றுங்கள்.

திருமுழுக்கு முடிந்த பிறகு?

பலர் வழுக்குவது இங்கேதான். ஓராண்டாக வாரந்தோறும் கூடிய குழு சட்டென்று கலைந்துவிடும், யாரும் தொலைபேசியில் கூப்பிட மாட்டார்கள். ஆகவே பாஸ்காக் காலத்தின் ஞாயிறுகளில் எல்லாரும் தவறாமல் சேர்ந்து அமருங்கள், ஞானப்பெற்றோரும் கூட. அந்த இரவில் என்ன நடந்தது, தண்ணீர் என்ன சொன்னது, எண்ணெய் என்ன சொன்னது என்று பேசுங்கள். பெந்தகோஸ்துக்குள் பங்கில் ஒரு வேலையை ஏற்றுக்கொள்ளுங்கள். பாடகர் குழுவோ, கோவில் துப்புரவோ, நோயாளிகளைச் சந்திப்பதோ, எதுவானாலும் சரி. முதல் ஒப்புரவுக்கும் ஒரு நாள் குறித்துக்கொள்ளுங்கள், அதைத் தள்ளிப்போடப் போடத்தான் பயம் பெருகும்.

சான்றிதழை எப்படிப் பாதுகாப்பது?

திருமுழுக்கு நடந்த பங்கின் பதிவேடுதான் வாழ்நாள் முழுதும் உங்கள் மூல ஆவணம். உறுதிப்பூசுதல், திருமணம், துறவற வார்த்தைப்பாடு எல்லாம் பிற்காலத்தில் அதே பக்கத்தில் குறிக்கப்படும். எனவே ஊர் மாறினாலும் அந்தப் பங்கின் பெயர், தேதி, பதிவேட்டு எண், பக்க எண் ஆகியவற்றைக் குறித்து வையுங்கள். திருமணத்துக்கு ஆறு மாதத்துக்குள் எடுத்த புதிய நகல் கேட்பது பல இடங்களில் வழக்கம் என்பதால், பழைய தாளைச் சட்டம் போட்டு மாட்டியிருந்தாலும் மறுபடி எழுதிக் கேட்க வேண்டியிருக்கும். முதல் நகல் கையில் வந்த அன்றே பெயர், பிறந்த தேதி, பெற்றோர் பெயர் மூன்றிலும் எழுத்துப்பிழை இருக்கிறதா என்று பாருங்கள். கொடுத்த குருவானவர் இடம் மாறிப்போகுமுன் அதைத் திருத்துவது எளிது.